ஒலி, ஒளி ஆவணங்களைக் காக்கும் பணி

1931 ஆம் ஆண்டு மார்ச் 14 ஆம் நாள் பம்பாய் மெஜஸ்டிக் திரையரங்கில் 'ஆலம் ஆரா' திரையிடப்பட்டது. அதுவே நம் நாட்டின் முதல் பேசும் படம். அதனைத் தயாரித்த அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் நிறுவனம், அதே ஆண்டில் அதே நகரில் 'காளிதாஸ்' என்னும் படத்தையும் தயாரித்தது. எச்.எம். ரெட்டி இயக்கிய, டி.பி. ராஜலட்சுமி நடித்த அப்படம் அக்டோபர் 31 ஆம் நாள் சென்னையில் வெளியாயிற்று. தமிழ்ப் பேசும் படத்தின் வரலாறு அன்று தொடங்குகிறது. அவ்வகையில் தமிழ்த் திரையின் முதற் குரல் பதிவானது பம்பாயிலேயாகும்.

இவ்விரு படங்களுக்கும் அறியப்பட்ட பிரதி எதுவும் இன்று இல்லை. பாட்டுப் புத்தகம், பத்திரிகை விமர்சனங்கள், சில நிழற்படங்கள் ஆகியவற்றைக் கொண்டே 'காளிதாஸ்' பற்றி அறிய வேண்டியிருக்கிறது. போரோ வெள்ளமோ இவற்றை அழிக்கவில்லை. காப்பாற்றுவது எவருடைய பொறுப்பாகவும் இல்லாமையே அழித்தது. இந்தப் பொறுப்பைத் தொழிலாக ஏற்பவரே ஒலி, ஒளி ஆவணக் காப்பாளர்.

அழிவுக்குப் பொருளாதாரக் காரணம்

திரைப்படம் ஒரு முதலீடு. திரையரங்க வசூல் நின்றதும் உரிமையாளரின் கணக்கில் அதன் மதிப்பு ஏறத்தாழப் பூஜ்யமாகிவிடுகிறது. ஆனால் சுருள்களை வைத்திருக்க இடவாடகை தொடர்கிறது. கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் வெள்ளி உண்டு. சுருளைக் கழிவாக விற்றால் அந்த வெள்ளிக்கு உடனே விலை கிடைக்கும். தனி ஒருவரின் வரவு செலவுக் கணக்கில் அழிப்பதே ஆதாயம் என்ற நிலை இவ்வாறு உருவாயிற்று.

சமுதாயத்தின் கணக்கு வேறு. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னரே அப்படம் வரலாற்றுச் சான்றாகிறது. அன்றைய உடை, தெரு, பேச்சு, இசை ஆகியவற்றின் பதிவாகிறது. அப்பயன் எல்லோருக்கும் உரியது. ஆகவே அதற்கு விலை தர எந்தத் தனி நபரும் முன்வருவதில்லை. இத்தகைய பொதுப்பயன் பொருளைப் பேணுவது அரசின் கடமையாகிறது. 1964 ஆம் ஆண்டு பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் நிறுவப்பட்டதன் அடிப்படை இதுவே.

அங்கு பணியாற்றிய பி.கே. நாயர், 1991 இல் ஓய்வு பெறும் வரை ஊர் ஊராகச் சென்று ஏறத்தாழ 12,000 படங்களைச் சேர்த்தார். தாதாசாகேப் பால்கே 1913 இல் எடுத்த 'ராஜா ஹரிச்சந்திரா'வின் சில பகுதிகளையேனும் இன்று காண முடிவதற்கு அவரது உழைப்பே காரணம். 'மார்த்தாண்ட வர்மா' என்னும் 1933 ஆம் ஆண்டு மௌனப் படத்தின் கதை இன்னும் வியப்பானது. நாவலின் பதிப்புரிமை குறித்த வழக்கினால் அது திரையரங்குகளிலிருந்து விலக்கப்பட்டது. பிரதி திருவனந்தபுரத்துப் புத்தக நிறுவனம் ஒன்றில் முடங்கிக் கிடந்து, 1974 இல் காப்பகத்தை அடைந்தது. தடைபட்ட படம் பிழைத்தது. தடையின்றி ஓடிய படங்கள் பல மறைந்தன.

பம்பாயின் செல்வம்

ஒலியும் ஒளியும் சேர்ந்த செல்வம் பம்பாயில் குவிந்திருப்பதைப் போல வேறு எந்த இந்திய நகரிலும் குவிந்திருக்கவில்லை எனலாம். 1927 ஜூலை 23 ஆம் நாள் இந்திய ஒலிபரப்புக் கம்பெனியின் வானொலி நிலையம் இங்குத் தொடங்கியது. 1948 இல் பிலிம்ஸ் டிவிஷன் இங்கு அமைக்கப்பெற்று, தமிழ் உட்படப் பல மொழிகளில் செய்திப் படங்களையும் விளக்கப் படங்களையும் தயாரித்தது. அணைகள், கிராமப் பள்ளிகள், தேர்தல்கள் ஆகியவற்றைத் திரையரங்கில் நாட்டு மக்கள் கண்டது அப்படங்களின் வாயிலாகத்தான். 2022 இல் பிலிம்ஸ் டிவிஷனும் திரைப்பட ஆவணக் காப்பகமும் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டன. 1969 இல் தோன்றிய தேசிய நிகழ்கலை மையம் இசைப்பதிவுகளைச் சேர்த்து வந்துள்ளது. 2014 இல் தொடங்கப்பட்ட பிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷன் என்னும் தனியார் அறக்கட்டளை, 2015 முதல் காப்புப் பணியில் பயிற்சி முகாம்களை நடத்தி வருகிறது.

நிறுவனங்களுக்கு வெளியேயும் செல்வம் உண்டு. மாட்டுங்கா பகுதியின் சண்முகானந்த சபை 1952 இல் தோன்றியது. 1963 இல் எழுந்த அதன் பெருமண்டபம் 1990 இல் தீக்கிரையாகி, 1998 இல் மீண்டும் திறக்கப்பட்டது. செம்பூரில் ராஜ் கபூர் 1948 இல் நிறுவிய ஆர்.கே. ஸ்டூடியோவில் 2017 செப்டம்பர் 16 அன்று மூண்ட தீயில், புகழ்பெற்ற படங்களின் உடைகளும் நினைவுப் பொருள்களும் கருகின. ஒரே கட்டடத்தில் ஒரே பிரதியாக இருப்பது எத்துணை ஆபத்தானது என்பதற்கு இவ்விரு நிகழ்ச்சிகளும் சான்று.

தாராவியின் நிலை வேறு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அங்குத் தலைமுறைகளாக வாழ்கின்றனர். கோயில் கொடை, திருமணம், சங்கக் கூட்டம், மேடை நாடகம் ஆகியவற்றின் பதிவு ஒலிநாடாவிலோ வீடியோ நாடாவிலோ இருந்தால், அது ஒரு வீட்டுப் பரணில்தான் இருக்கும். மறுசீரமைப்பின் பொருட்டு வீடு மாறும் குடும்பம் பாத்திரத்தையும் பத்திரத்தையும் எடுத்துச் செல்லும். ஓடாத நாடாவை எடுத்துச் செல்லுமா என்பது ஐயமே. உழைக்கும் மக்களைப் பற்றிப் பிறர் எடுத்த படங்கள் காப்பகங்களில் உள்ளன. அவர்கள் தாமே பதிந்துகொண்டவை பரணில் உள்ளன. பின்னவை அழிந்தால், ஒரு சமூகத்தின் வரலாறு பிறர் சொன்னதாகவே எஞ்சும்.

சுருளுக்கு வரும் நோய்கள்

தொடக்ககாலப் படங்கள் நைட்ரேட் சுருளில் எடுக்கப்பட்டன. அது தீப்பற்றினால் அணைப்பது அரிது. 2003 ஜனவரியில் பூனாவில் ஏற்பட்ட தீ விபத்தில் ஏராளமான நைட்ரேட் சுருள்கள் அழிந்தன. பின்னர் வந்த அசிடேட் சுருள் எளிதில் எரியாது. ஆனால் வெப்பத்தாலும் ஈரத்தாலும் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். டப்பாவைத் திறந்தவுடன் காடியின் நெடி வீசும். வெளிப்பட்ட அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்தும். சுருள் சுருங்கி நெளிந்துவிடும். வெப்பநிலை 21 பாகை செல்சியசாகவும் ஈரப்பதம் 50 விழுக்காடாகவும் இருந்தால், புதிய சுருளில் இந்நோய் தோன்ற ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆகும் என அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஒன்று கணித்துள்ளது. பம்பாயில் பருவமழைக் காலத்து ஈரப்பதம் 80 விழுக்காட்டையும் கடக்கிறது என்பதைக் கருதினால் நிலைமை விளங்கும்.

ஒலிநாடாவிலோ, காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுப்பாகிறது. ஓட்டினால் துகள் உதிரும், உதிர்ந்தது திரும்பாது. நாடா நன்றாக இருந்தாலும் அதை ஓட்டும் கருவியும், பழுது பார்க்கும் கைகளும் அருகிவருகின்றன.

டிஜிட்டல் முறையும் அதன் கணக்கும்

டிஜிட்டல் பிரதி எடுத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று பலர் கருதுகின்றனர். கணக்கு வேறு கூறுகிறது. ஒரு மணி நேர ஒலிநாடாவைப் பிரதி எடுக்க ஒரு மணி நேரம் ஆகும். விரைவுபடுத்தினால் தரம் கெடும். ஒரு காப்பகத்தில் இத்தகைய நாடாக்கள் 5,000 இருப்பதாகக் கொள்வோம். ஒரு கருவி நாளொன்றுக்கு 6 மணி, ஆண்டுக்கு 250 நாள் ஓடினால், ஆண்டிற்கு 1,500 நாடாக்களே முடியும். தூய்மை செய்தல், குறிப்பு எழுதுதல் முதலியவற்றையும் அதே ஊழியரே செய்தால், பணி ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் நீளும். உலகக் காப்பகங்கள் பரிந்துரைக்கும் தரத்தில் பதிந்தால், ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 2 ஜிகாபைட் இடம் தேவை. மூன்று பிரதிகள் எனின் மொத்தம் 30 டெராபைட்டுக்கு மேல். அவற்றையும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதிய தாங்கிக்கு மாற்ற வேண்டும். படமாயின், இரண்டு மணி நேரத்தில் 1,72,800 சட்டங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் தனித்தனியே படியெடுக்கப்பட வேண்டும்.

ஆகவே மூலச் சுருளைக் குளிர்ந்த, உலர்ந்த அறையில் வைப்பதே முதற் பணி. அது ஒரே செலவில் ஆயிரக்கணக்கான சுருள்களின் ஆயுளை நீட்டுகிறது. ஒரு படத்தைச் சீரமைத்துத் திரையிடுவது பாராட்டைப் பெறும். ஆனால் கிடங்கின் குளிர்சாதனம் நின்றுவிட்டால் பிற படங்கள் ஓசையின்றி அழியும். நிதி ஒதுக்கும் அலுவலர்கள் இவ்வேறுபாட்டை உணர்தல் வேண்டும்.

எதை முதலில் காப்பது?

காப்பாளரின் கடினமான கடமை தேர்வு. பிரதி வேறெங்கும் இல்லாதது, சிதைவு தொடங்கியது, ஓட்டும் கருவி அரிதாகி வருவது ஆகிய மூன்றும் முன்னுரிமைக்கு உரியவை. புகழ்பெற்றவரின் குரல் என்பது மட்டும் போதிய காரணமாகாது. அதற்குப் பிரதிகள் பல இருக்கக்கூடும். ஒரு தெருவின் விழாப் பதிவு ஒன்றே ஒன்றாக இருக்கக்கூடும். நாடாவுடன் அதைப் பற்றிய செய்தியும் காக்கப்பட வேண்டும். யார் பாடினார், எங்கே, எப்போது என்று எழுதப்படாத பதிவு, முகவரியற்ற கடிதத்தை ஒக்கும். அதைச் சொல்லத் தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுதல் அவசரப் பணியாகும்.

செய்யவேண்டியவை

1954 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நூல்களையும் செய்தித்தாள்களையும் பொது நூலகங்களுக்கு வழங்குவது கட்டாயம். திரைப்படத்திற்கும் ஒலிப்பதிவிற்கும் அச்சட்டத்தில் இடமில்லை. இக்குறை நீங்க வேண்டும். வணிக நோக்கமற்ற பொது நூலகம், தன்னிடம் மூலப்பிரதி உள்ள படைப்பை மின்னணு வடிவில் சேமிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளிக்கிறது. நூலகங்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். வேதியியல், மின்னணுவியல், வரலாறு, மொழி ஆகிய துறைகளின் அறிவு ஒருங்கே தேவைப்படும் இத்தொழிலுக்கு நிரந்தரப் பணியிடங்களும் முறையான பாடத்திட்டமும் தேவை.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் உள்ள கல்லூரி மாணவர்கள் வீடு வீடாகச் சென்று, எவரிடம் எந்தப் பதிவு உள்ளது என்று பட்டியல் எடுப்பது முதற்படியாக அமையலாம். அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும், நாடாவை ஈரமற்ற இடத்தில் நிறுத்தி வைக்குமாறு வீட்டாருக்குக் கூறும் அறிவுரையும் போதும்.

1980 அக்டோபர் 27 அன்று பெல்கிரேடில் கூடிய யுனெஸ்கோ மாநாடு, அசையும் படங்களைக் காப்பது பற்றிய பரிந்துரையை ஏற்றது. அந்நாளே ஒலி, ஒளி மரபுக்கான உலக நாளாகக் கொண்டாடப்படுகிறது. 'காளிதாஸ்' வெளியான நாள் அதற்கு நான்கு நாள் பின்னர் வருகிறது. இழந்துவிட்ட அந்தப் படத்தை மீட்க இயலாமற் போகலாம். பரணில் இன்று இருப்பது நாளை அந்தப் பட்டியலில் சேராதிருக்கச் செய்ய இயலும். அதற்குரிய காலம் குறுகியது.