பசி அறிந்தவர்களின் காணிக்கை



1845ஆம் ஆண்டு அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. ஏழைகளுக்கு அதுவே அன்றாட உணவு. தொடர்ந்து வந்த பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மடிந்தனர். ஏறக்குறைய அதே அளவினர் கப்பலேறி நாட்டை விட்டே வெளியேறினர்.

1847இல் அமெரிக்காவின் சோக்டா பழங்குடியினர் அம்மக்களுக்காக 170 டாலர் திரட்டி அனுப்பினார்கள். அவர்கள் செல்வர்கள் அல்லர். 1831 முதல் சொந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்டு, கடுங்குளிரில் நடந்த வழியெங்கும் தம் உறவுகளைப் புதைத்தவர்கள். பசி இன்னதென்று அறிந்திருந்ததால், முகம் காணாத மக்களின் பசியும் அவர்களுக்குப் புரிந்தது.

அயர்லாந்து மக்கள் அதை மறக்கவில்லை. 2020ஆம் ஆண்டு கொரோனா காலத்தில் நவஹோ, ஹோப்பி பழங்குடியினர் வாடியபோது, சோக்டா மக்களின் அந்த உதவியை நினைவுகூர்ந்து நிதி அனுப்பினார்கள்.

'கடன் தீரட்டும், வீடு கட்டி முடியட்டும், பிறகு கொடுப்போம்' என்கிறோம் நாம். நற்செய்தியில் வரும் ஏழைக் கைம்பெண் அப்படிக் காத்திருக்கவில்லை. நாம் பட்ட துன்பம் நம் உள்ளத்தை இறுக்கியிருக்கிறதா, இளக்கியிருக்கிறதா? நம் தெருவில் இன்று அடுப்பெரியாத வீடு எதுவெனத் தேடிச் செல்வோம். ஆமென்.