ருசி மட்டும் பார்த்தால் போதுமா?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களில் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை இருக்கும். கேட்டால், "எங்க ஊரு வாகு அப்படி"ன்னு சொல்வாங்க. காரணம் பரம்பரை இல்லைங்க, பாறை. அதிலுள்ள ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல்லையும், நாளடைவில் எலும்பையும் பாதிக்கும். காய்ச்சினாலும் போகாது. வளைந்த எலும்பு மருந்தால் நிமிராது.

இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரி நீர் வருகிறது. ஆனாலும் "போர் தண்ணிதான் ருசி, பழகிப்போச்சு" என்பவர்கள் உண்டு. பழக்கம் பெரியவங்களோடது, பாதிப்பு, பல் முளைக்கிற பிள்ளைக்கு. குடிக்க மட்டுமல்ல, சமைக்கவும் காவிரி நீரையே பயன்படுத்துங்க. போர் தண்ணீர்தான் வழி என்றால், குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.