வில்லங்கச் சான்றும் பொறுப்பும்



பிள்ளைகளின் கல்விக்கு அடுத்தபடியாக நம்மவரின் வியர்வை சென்று சேருமிடம் ஒரு வீட்டுமனை. அம்மனையின் உரிமை, எண்ணொன்று மாறி எழுதப்படுவதனாலேயே பறிபோகக்கூடும் என்பதை இன்று எடுத்துரைக்க விழைகிறோம்.

1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, பதிவான ஆவணங்களுக்கு அட்டவணைகள் வைக்கப் பணிக்கிறது. முதல் அட்டவணை பெயர்களைக் கொண்டது. இரண்டாவது சொத்து விவரங்களைக் கொண்டது. இவற்றைத் தேடியே வில்லங்கச் சான்று வழங்கப்படுகிறது. புல எண் 147/2 என்பது 174/2 என அட்டவணையில் ஏறிவிட்டதென்று கொள்வோம். 147/2க்குத் தேடுபவருக்கு முந்தைய கிரயம் தென்படாது. வில்லங்கம் இல்லையென நம்பிப் பணம் கொடுப்பார். ஆயினும் முறைப்படி முன்னர் வாங்கியவரின் உரிமையே முந்தியது. பின்னவர் மனையை இழப்பார்.

இழப்புக்குப் பொறுப்பாளர் யார்? நல்லெண்ணத்துடன் ஆற்றிய பணிக்காகப் பதிவு அலுவலர்மீது வழக்கிட இயலாதென 86ஆம் பிரிவு அவரைக் காக்கிறது. தேடுதலில் நேரும் பிழைக்குத் துறை பொறுப்பன்று என்னும் வாசகம் சான்றிலேயே உண்டு. உரிமைமூலத்தை ஆராய்ந்து கருத்துரைத்த வழக்கறிஞரோ? கருத்துரை தவறியதனாலேயே அவர் குற்றவாளி ஆகார். சதியில் உடந்தை என்பதற்குச் சான்று வேண்டும். பெருங்கவனக்குறைவு மெய்ப்பிக்கப்பட்டால் பொறுப்புண்டு என 2012இல் நாராயண ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உரைத்தது. வழக்கறிஞர் பணி நுகர்வோர் சட்டத்துள் அடங்காதென 2024இல் தீர்ப்பளித்தது. ஆகவே ஈடு கோருவோர் உரிமையியல் நீதிமன்றத்தையே நாடவேண்டும். அங்கும், பிழையான சான்றை நம்பியவரின் கவனக்குறைவை மெய்ப்பித்தல் எளிதன்று. தாய்ப்பத்திரத்தைக் கேளாமலே கருத்துரைத்தவரின் நிலை வேறு.

நம் பத்திரமும் தவறாக ஏறக்கூடும். அட்டவணையில் விவரம் சரியாக ஏறியிருந்தால்தான் பதிவு பிறருக்கு அறிவிப்பாகும் என்கிறது, சொத்து மாற்றுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு. கிரய உடன்படிக்கையை மட்டும் பதிந்திருப்பவருக்கு இதுவே உயிர்நாடி.

ஆதலின், வாங்குமுன் மூலப் பத்திரங்களைக் கேளுங்கள். புல எண்ணால் மட்டுமன்றிப் பெயராலும் தேடச் செய்யுங்கள். அனுபவத்தில் இருப்பவர் யாரென நேரில் அறியுங்கள். எவ்வெவ் ஆவணங்களைப் பார்த்தார் என்பதை வழக்கறிஞரிடம் எழுத்தில் பெறுங்கள். பதிவு முடிந்தபின் நீங்களே வில்லங்கச் சான்று பெற்று, உங்கள் பத்திரம் சரியாக ஏறியுள்ளதா எனப் பாருங்கள். பிழையிருப்பின் உடனே திருத்தக் கோருங்கள்.

எழுத்தறியாப் பெற்றோருக்கு அச்சான்றை வரிவரியாகப் படித்துக்காட்டும் கடமை, இச்சங்கத்தில் கற்ற இளைஞர்களே, உங்களுடையது.