முகர்ந்த மலரும் மென்ற ஊனும்



திருமுல்லைவாயிலில் மாசிலாமணியீசர் திருமுன்பு கூடியிருக்கும் நமக்கு, மணத்தைப் பற்றிப் பேச வேறு இடம் தேட வேண்டுவதில்லை. ஊரின் பெயரிலேயே முல்லை இருக்கிறது. தொண்டைமானின் யானையைப் பிணித்தது முல்லைக்கொடி. அதை அவன் வாளால் அரிந்தபோது வெட்டுண்ட திருமேனிக்கு இன்றளவும் சந்தனக்காப்பு. சித்திரைச் சதயத்தை ஒட்டியே அக்காப்புக் களையப்பெறும்.

பெரியபுராணம் கேட்கும் அன்பர் பலர் நம்மிடம் எழுப்பும் ஐயம் ஒன்று உண்டு. திருவாரூரில், பூமண்டபத்தின் பக்கத்தே கிடந்த மலர் ஒன்றைப் பல்லவ அரசி எடுத்து மோந்தாள். செருத்துணை நாயனார் அவள் மூக்கை அரிந்தார். கணவராகிய கழற்சிங்கர் வந்து, மலரை எடுத்த கையையும் வெட்டினார். காளத்தியிலோ கண்ணப்பர் ஊனை வாயில் இட்டு மென்று, சுவை பார்த்தே இறைவனுக்குப் படைத்தார். தம் தலைமயிரில் செருகி வந்த மலரையே சாத்தினார். இறைவனுக்கு முன் முகர்ந்தவளுக்குத் தண்டனை, இறைவனுக்கு முன் சுவைத்தவருக்கு வீடுபேறு. இது நடுவுநிலைமை ஆகுமா என்பது வினா. இரண்டையும் பாடியவர் பூவிருந்தவல்லிக்கு அண்மையிலுள்ள குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார் பெருமானே. அவர் அறியாமலா பாடினார்?

விடை காண, மூக்கும் நாவும் தொழில்படும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

கண்ணும் செவியும் பொருளைத் தொலைவில் நிறுத்தியே அறிவன. மூக்கும் நாவும் அப்படியல்ல. மலரிலிருந்து கண்ணுக்குப் புலனாகாத நுண்துகள்கள் பிரிந்து காற்றில் கலந்து, நாசியின் மேற்பகுதியிலுள்ள ஈரமான மெல்லிய தோலில் படிகின்றன. அங்குள்ள நரம்பு முனைகளில் ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள் உள்ளன. இவ்வேற்பிகளைக் குறித்து 1991-இல் வெளியிட்ட ஆராய்ச்சிக்காக ரிச்சர்டு ஆக்செல், லிண்டா பக் என்னும் இருவர் 2004-இல் நோபல் பரிசு பெற்றனர். ஆகவே ஒரு மலரை முகர்வது என்பது அம்மலரின் சிறு கூற்றை உட்கொள்வதே. முகர்ந்த மலரைப் பூசைக்கு விலக்கிய நம் முன்னோர் வழக்கு பொருளற்றதன்று.

நாவுக்குத் தனியே தெரிவது குறைவு. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு ஆகியவற்றோடு, 1908-இல் இக்கேடா என்னும் சப்பானியர் கண்ட ஒருவகைச் சாற்றுச்சுவை என, ஐந்தே என்பர் இக்கால அறிஞர். கார்ப்பு எரிச்சலை உணரும் நரம்பின் வேலை, துவர்ப்பு பெரும்பாலும் ஊறு என்பது அவர் கருத்து. நம் நூல்கள் சொல்லும் அறுசுவையோடு இதை மோதவிடுவார் உளர். எண்ணும் முறை வேறு, அவ்வளவே. சர்க்கரைப் பொங்கலை மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் இட்டுப் பாருங்கள். வெறும் தித்திப்பே தெரியும். பிடியை விட்டவுடன் ஏலமும் பச்சைக் கர்ப்பூரமும் நெய்யும் எழுந்து வரும். தொண்டையின் பின்வழியே மணம் நாசிக்கு ஏறுவதே காரணம். சுவை என்று நாம் போற்றுவதில் பெரும்பங்கு மணமே. நீருக்கு உரிய சுவையும் மண்ணுக்கு உரிய நாற்றமும் மண்ணில் ஒன்றாக நிற்கும் என்னும் தத்துவ நூற்கொள்கையை இங்கே நினைக்கலாம்.

இனி வினாவுக்கு வருவோம். மணம் மூச்சோடு வருவது. பூமண்டபத்தருகே நிற்பவர் எவரும் மணக்காமல் இருக்க இயலாது. அது குற்றமாயின் பூத்தொடுப்பார் அனைவரும் குற்றவாளிகளே. மூக்கு தானாகப் போய் மலரை எடுக்கவில்லை, கைதான் எடுத்தது. கழற்சிங்கர் வாள் கையைத் தேடியதன் நுட்பம் இதுவே. இறைவனுக்கென்று வைத்ததைத் தனக்கென்று எடுத்த எண்ணமே பிழை. அச்செயல்களை நாம் இன்று செய்யத் தக்கனவாக எவரும் கொள்ளலாகாது. கதையின் கருத்தையே கொள்க.

கண்ணப்பரோ பசித்திருந்தவர். உணவின் மணம் பட்டால் வாயூறும், வயிறு ஏற்க முந்தும். உடலின் இயல்பு அது. அந்நிலையில் ஊனை மென்று, முழுச்சுவையும் அறிந்து, விழுங்காமல் வெளியே எடுத்தார். தானும் உண்ணாமல் நமக்கும் தராமல் இருக்கிறானே என்று உடன்வந்த வேடர்கள் மருண்டதையும் சேக்கிழார் விடாமல் பாடுகிறார். நாவை அவர் தமக்காகப் பயன்படுத்தவில்லை, பெருமானுக்கு நல்லது எது என்று தேரும் கருவியாகக் கொண்டார்.

நமக்கு அண்மையில் திருவேற்காட்டில் தோன்றிய மூர்க்க நாயனாரும் இவ்வழியினரே. சூதாடிப் பொருளீட்டியதை நாம் புகழ வேண்டுவதில்லை. ஆனால் அடியார்க்கு நெய்யும் கறியும் சோறுமாக அமுதளித்துத் தாம் கடைப்பந்தியில் உண்டார். அடுக்களை மணம் முழுவதும் நாசியில் ஏற, கடைசிவரை காத்திருப்பது எளிதா? விருந்து சமைக்கும் தாய்மார்களைக் கேளுங்கள்.

அண்மையில் ஆவடியிலிருந்து வந்த மூதாட்டியார் ஒருவர் கண்கலங்கி நம்மிடம் ஒன்று சொன்னார். 2020-இல் வந்த கொரோனா நோயில் அவருக்கு மணம் போயிற்று, முழுதும் திரும்பவில்லை. "சாமி, திருநீறும் தெரியல, சாம்பிராணியும் தெரியல. நான் கட்டுற மாலையில வாடின பூ கலந்திருந்தாலும் தெரியாதே, சாத்தலாமா?" என்றார். அவருக்கு இத்தலத்து வரலாற்றையே சொன்னோம். திருவொற்றியூரில் சூளுறவு தவறிக் கண்ணொளி இழந்த சுந்தரர், பார்வையின்றியே இங்கு வந்து பதிகம் பாடினார். ஒரு புலன் குறைந்தது பற்றி அவர் வழிபாட்டை நிறுத்தவில்லை. வாடிய பூவைக் கண்ணால் பார்த்து, விரலால் தொட்டு நீக்கலாமே, அம்மா!

மருந்துவரும் ஒரு பயிற்சி சொல்கின்றனர். ரோசா, எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம் ஆகியவற்றை நாள்தோறும் இருவேளை, மாதக்கணக்கில், கருத்தூன்றி முகர வேண்டும். மூக்கின் நரம்பு மீண்டும் முளைக்கும் தன்மையது ஆதலால் பலருக்குப் பயன் கிடைக்கிறது. "பூவை முகர்ந்தால் பாவம் வராதா?" என்று அஞ்சினார். மாலைக்கென்று எடுத்து வைத்த பூவை முகர வேண்டாம். கொடியிடைநாயகி சந்நிதியில் குருக்கள் கையில் தரும் பூ, அம்மை நமக்கென்று அளித்த பூ. அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை முகரலாம்.