மூச்சும் உணவும்



நம் தொண்டையில் இரு வழிகள் பிரிகின்றன. முன்னிருப்பது மூச்சுக்குழல், பின்னிருப்பது உணவுக்குழல். விழுங்குகையில் ஒரு சிறு மடல் மூச்சுவழியை மூடிக் காக்கிறது.

உணவு இரைப்பையில் கூழாகி, ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலில் செரித்து, சத்தாக இரத்தத்தில் கலக்கிறது. நுரையீரலின் கோடிக்கணக்கான நுண்ணறைகள் காற்றிலுள்ள பிராண வாயுவை இரத்தத்திற்குத் தருகின்றன. சத்தும் பிராண வாயுவும் உயிரணுவில் கூடினால்தான் ஆற்றல் பிறக்கும். இவ்வமைப்பில் உயர்வு தாழ்வு இல்லை.

செரிமானத்தின் எச்சம் காற்றில்லாத தொட்டியில் அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு உண்டாகிறது. முதலில் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். அளவு மிகுந்தாலோ மூக்கு உணர்விழந்து, நாற்றமே தெரியாது போகும். உயிரணுக்கள் பிராண வாயுவைப் பயன்படுத்த இயலாமல், சில மூச்சுகளிலேயே மனிதன் சாய்ந்துவிடுவான். உடல் வலிமை இங்கே உதவாது. 2022 அக்டோபரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே கழிவுநீர்த் தொட்டியில் மூவர் மாண்டனர்.

பாதுகாப்புக் கருவியின்றி மனிதரை இத்தொட்டிகளில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறந்தோர் குடும்பத்திற்கு 30 இலட்சம் ரூபாய் வழங்க வேண்டுமென 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆயினும் போன மூச்சைப் பணம் மீட்குமா?

ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை ஆலைகளுக்குச் செல்லும் இளைஞர்களே! எவர் பணித்தாலும் இறங்காதீர்கள். வீழ்ந்தவரை மீட்பதற்கும் வெறுமனே இறங்காதீர்கள். தீயணைப்புத் துறையை அழையுங்கள். உடலை அறிவதும் சட்டத்தை அறிவதும் நம் உயிருக்குக் காவல். கல்வியின் முதற்பயன் அதுவே.