ஜெற் என்னும் சிறு துளை

திருகோணமலை மாவட்டத்தில், மூதூருக்கு அண்மையில் உள்ள தோப்பூர், வயலை நம்பியும் கடலை நம்பியும் வாழும் ஊர். இவ்வட்டாரத்தின் வயலோரங்களில் நீரிறைக்கும் இயந்திரத்தைக் காணலாம். கொட்டியாரக்குடாவின் கரையில் படகுகளின் பின்புறத்தே பூட்டிய வெளியிணைப்பு இயந்திரத்தைக் காணலாம். வீட்டு முற்றங்களில் மோட்டார் சைக்கிளைக் காணலாம். இத்தகைய சிறு எஞ்சின்கள் பலவற்றுக்கும் பொதுவான ஓர் உறுப்பு காபுரேற்றர். அதன் உள்ளே, நெல்மணி இரண்டைச் சேர்த்து வைத்தாற்போன்ற சிறு பித்தளைத் திருகு ஒன்று உண்டு. அதன் நடுவே மெல்லிய துளை. அதுவே ஜெற் எனப்படுவது.

எரிபொருள் தானாக எரிவதில்லை. காற்றோடு தக்க அளவிற் கலந்தாலே எரியும். பெற்றோல் ஒரு பங்கு முற்றாக எரிவதற்கு நிறையளவில் ஏறத்தாழ பதினைந்து பங்கு காற்று வேண்டும். இக்கலவையை ஆக்கித் தருவதே காபுரேற்றரின் தொழில். காற்றுச் செல்லும் குழாய் ஓரிடத்தில் ஒடுங்குகின்றது. ஒடுங்கிய இடத்திற் காற்றின் வேகம் மிகுகின்றது. வேகம் மிக, அழுத்தம் குறைகின்றது. குறைந்த அழுத்தம் கிண்ணத்திலுள்ள எரிபொருளை ஜெற்றின் வழியே மேலிழுத்துத் தூவச் செய்கின்றது. இவ்விதியை இத்தாலிய அறிஞர் வெந்தூரி 1797ஆம் ஆண்டில் விளக்கி எழுதினார். அதனை எஞ்சினுக்குப் பயன்படுத்தி, 1893இல் ஜெர்மனியில் மேபாக் என்பவரும், ஹங்கேரியில் பாங்கி, சொங்கா என்னும் இருவரும் தூவும் காபுரேற்றரை அமைத்தனர். புதிய மோட்டார் சைக்கிள்கள் பல இன்று வேறு முறைக்கு மாறிவிட்டன. ஆயினும் வயலிலும் கடலிலும் உழைக்கும் எஞ்சின்களிற் பல அப்பழைய முறையிலேயே இயங்குகின்றன.

ஆகவே ஜெற் என்பது வெறும் துளையன்று. அஃது ஓர் அளவு. அதன் மீது பொறித்த எண் அவ்வளவைக் குறிப்பது. ஒரே வகை ஜெற்களில் எண் கூடினால் எரிபொருள் கூடும், குறைந்தால் குறையும். எஞ்சின் ஆறுதலாகச் சுழலும்போது சிறு ஜெற் எரிபொருள் வழங்கும்; விசையை முழுதும் திறந்தால் பெரிய ஜெற்றே வழங்கும். காற்றின் அடர்த்தி மாறினாலும் கலவை மாறும். கடல் மட்டத்திலுள்ள திருகோணமலையில் நன்கு ஓடும் மோட்டார் சைக்கிள், 1868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் திணறிப் புகை கக்குவது இதனாலேயே. அங்கே காற்று ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது, எரிபொருளோ குறையவில்லை.

2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இலங்கையில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்று 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்ததை நேயர்கள் மறந்திரார். மண்ணெண்ணெயில் இயங்கும் படகுகளை நம்பியிருந்தோருக்கு அது பேரிடியாயிற்று. எரிபொருள் விலை ஏறும் காலத்தில், சிறிய ஜெற்றைப் பூட்டினால் செலவு மிஞ்சுமே என்னும் எண்ணம் எழுவது இயல்பு. அவ்வெண்ணத்தில் மறைந்திருக்கும் ஆபத்தையே இங்கு எடுத்துரைக்க வேண்டும்.

எரிபொருள் குறைந்த கலவை அளவுக்கு மிஞ்சிய வெப்பத்தை உண்டாக்கும். இரண்டடி எஞ்சின்களில் இன்னுமொரு கேடு உண்டு. எண்ணெயை எரிபொருளோடு கலந்து ஊற்றும் வகையில், உருளைக்கும் முசலத்துக்கும் உயவு தருவது அவ்வெண்ணெயே. ஜெற்றைச் சிறிதாக்கினால் எரிபொருளோடு எண்ணெயும் குறைகின்றது. வெப்பம் ஏற, உயவு குறைய, முசலம் உருளையோடு இறுகிவிடும். வயலில் இது நேர்ந்தால் பயிர் வாடும். கடலில் நேர்ந்தாலோ உயிருக்கே ஊறு. சோளகக் காலத்திற் கிழக்குக் கரையில் காற்றுத் தரையிலிருந்து கடலை நோக்கியே வீசும். எஞ்சின் நின்ற படகை அது கரைக்குத் திருப்பாது, ஆழ்கடலுக்கே தள்ளும். மிச்சம் பிடித்த சில லீற்றர் அவ்வேளையில் எதற்கு உதவும்?

பெற்றோல் எஞ்சினில் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் ஆராய்ந்து செய்ய வேண்டியதே. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. விரைவில் தட்டொலி எழுப்பும். பிளக்கிற் கரி படியச் செய்யும். மண்ணெண்ணெய்க்கென ஆக்கிய எஞ்சின்களில் அமுக்க விகிதமும் குறைவு, ஜெற்றும் வேறு. பெற்றோலுக்குத் தடையிருந்த 1990களில் யாழ்ப்பாணத்து மக்கள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, பின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். அது வேறு வழியற்ற காலத்தின் திறமை. எஞ்சினுக்கு நலம் பயக்கும் வழக்கமன்று.

ஜெற்றை வீட்டிலேயே கழற்றி மாற்றுவது கடினமன்று, கவனமே வேண்டும். எஞ்சின் ஆறிய பின், காற்றோட்டமுள்ள திறந்த வெளியில், அடுப்பும் விளக்கும் சுருட்டும் அணுகாத இடத்திற் செய்தல் வேண்டும். முதலில் எரிபொருட் குழாயை அடைத்து, கிண்ணத்தில் நிற்பதை ஏனமொன்றில் வடித்துக்கொள்க. பித்தளை மென்மையானது, ஆதலின் ஜெற்றின் பிளவுக்கு முற்றும் பொருந்தும் திருப்புளியையே எடுக்க வேண்டும். கழற்றியதும் அதன் எண்ணைக் குறித்து வைக்க வேண்டும். அடைப்பிருந்தால் பெற்றோலிற் கழுவி, காற்றூதி, வெளிச்சத்திற் பிடித்துப் பார்க்கலாம். கம்பியோ ஊசியோ கொண்டு குடைதல் ஆகாது. குடைந்த ஜெற்றின் எண் பொய்யாகிவிடும்.

எண்ணை மாற்றத் தக்க காரணம் இருந்தால், ஒருமுறைக்கு ஒரு படியே மாற்றுக. பின்பு சுமையோடு சிறிது நேரம் ஓட்டி, நிறுத்தி, ஆறவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். இளம் பழுப்பு நிறம் நன்மை. கரி படிந்த கருமை எரிபொருள் மிகுதி. வெளிறிய வெண்மை எரிபொருட் குறைவு. அவ்வெண்மை கண்டால் பெரிய எண்ணுக்குத் திரும்புதலே அறிவு. புதிய ஜெற் பூட்டிய படகைக் கரையோரத்தில் நன்கு சோதித்த பின்னரே குடாவின் நடுவே செலுத்த வேண்டும்.

சிக்கனம் நன்று. அதனைச் சுத்தமான வடியிலும், கசிவில்லாத குழாயிலும், அளவான வேகத்திலும் தேடலாம். ஜெற்றின் துளையில் மட்டும் தேடலாகாது. அங்கே குறைத்தால், அதன் விலையை எஞ்சின் கொடுக்கும். கடலிலோ, மனிதரே கொடுக்க நேரும்.