மாத்தளை வாசலில்



நூற்றாண்டுச் சுற்றுலாவாக மலையகம் போய் வந்தோம். றம்பொடையில் அனுமாரைத் தரிசித்தோம். சீதா எலியவில் அம்மனைக் கும்பிட்டு, ஓடையில் கால் நனைத்தோம். குளிருக்கு எத்தனை தரம் தேத்தண்ணி குடித்தோம் என்று கேட்காதீர்கள்!

எங்களை நெடுநேரம் நிறுத்தி வைத்தது மாத்தளை முத்துமாரியம்மன் கோயில். மாசி மகத்தில் பஞ்சரதம் ஓடும் கோயில் அது. தமிழகத்திலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டுவழியே நடந்து வந்து சேர்ந்த ஊர் மாத்தளை. காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே இறந்தவர்கள் பலர். மிஞ்சியவர்கள் முதலில் கோப்பித் தோட்டங்களிலும் பிறகு தேயிலையிலும் உழைத்தார்கள். 1867, லூல்கந்துர, ஜேம்ஸ் டெய்லர் என்று நாங்கள் வகுப்பில் மனப்பாடம் செய்தோம். இந்த நடையைப் பற்றி ஒரு வரியும் படித்ததில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களின் பிள்ளைகளை நாடற்றவர்களாக்கியது. அதன் மிச்சத்தைத் தீர்க்க 2003இலும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மலையக மக்கள் மீண்டும் நடந்தார்கள், தங்கள் இருநூறு வருடத்தை நினைவுகூர.

எங்கள் சங்கப் புலமைப்பரிசில் இதுவரை எமது பாடசாலைப் பிள்ளைகளுக்கு மட்டுமே. தோட்டப் பகுதியில் உயர்தரம் படிக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் இந்த வருடம் முதல் அதை வழங்கும்படி சபையைக் கேட்கிறோம்.